‘கட்டிக்கொள், ஆனால்...’

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு வீட்டு மனையை இரண்டாகப் பிரித்து நான்கு வீடு வரை கட்டலாம் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. கட்டியவர்கள் சொற்பம். வீட்டுத் தட்டுப்பாட்டை மாநிலச் சட்டத்தால் தீர்க்க முடியாது என்று இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

பதில்: மாட்டேன். அதே மனைகளின் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் துணைவீடு கட்ட 2016ல் அந்த மாநிலத்தில் கொடுத்த அனுமதி ஆயிரத்துச் சொச்சம்; 2022ல் அது 20,000-ஐத் தாண்டியது. அதுவும் மாநிலச் சட்டத்தால்தான்.

துணைவீட்டுக்கு 1982லேயே சட்டம் வந்துவிட்டது. வந்தும் முப்பது வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் ஏட்டில்தான் கிடந்தது. காரணம், நகரசபைகள் ‘கட்டிக்கொள், ஆனால்’ என்றன. கார் ஷெட்டை வீடாக மாற்றுகிறாயா, காருக்கு மனைக்குள்ளேயே வேறு இடம் காட்டு. 40 அடி அகல மனையில் இரு பக்கமும் பத்துப் பத்து அடி விடு என்றால் மிஞ்சுவது 20 அடி. அதில் என்ன வீடு கட்டுவது? 2017 தொடங்கி மாநில அரசு இந்த ‘ஆனால்’களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. 2020 முதல் பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். அதே மனையில் 32 அடி கிடைக்கிறது. ஷெட்டுக்கு மாற்று இடம் கேட்கக் கூடாது. 750 சதுர அடிக்குள் என்றால் உள்கட்டமைப்புக்கான கட்டணம் கிடையாது. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி விசாரணையும் கிடையாது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. என்னைக் கேட்டால் இந்தக் கெடுதான் உயிர்நாடி. ஆறு மாதமா, ஒரு வருஷமா என்று தெரியாதவர் கடனுக்கும் போக மாட்டார், கான்ட்ராக்டரையும் பேசி வைக்க மாட்டார்.

நீங்கள் சொல்லும் சட்டத்தில் ‘ஆனால்’ அப்படியே தங்கிவிட்டது. மனையைப் பிரிப்பவர் அங்கே ஒரு வீட்டில் மூன்று வருஷம் குடியிருக்கப் போவதாக உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். பழைய வீட்டை வாங்கி, பிரித்து, கட்டி விற்கிற சிறிய பில்டர் இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இந்த அளவு வேலையை எடுத்துச் செய்யக்கூடியவரே அவர்தான். அங்கேயே குடியிருக்கும் ஓய்வூதியக்காரரிடம் நிலம் இருக்கிறது, கட்டப் பணம் இல்லை. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் மனையைப் பிரிக்க வங்கியின் சம்மதமும் வேண்டும். 60 நாள் கெடு இதற்கு 2025ல்தான் வந்து சேர்ந்தது. அப்போதும் அந்த மூன்று வருஷ நிபந்தனையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார்கள். அது பெரிய தவறு.