மனநோய் இருக்கும் குடும்பத்துக்கு சபையால் உண்மையில் உதவ முடியுமா? போதகரிடம் சொல்லலாமா?

மகளுக்கு இருமுனைக் கோளாறு (மனநிலை மிகையான எழுச்சிக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), ஆறு மாதமாக வீட்டில் யாரும் ஆராதனைக்குப் போகவில்லை, போதகரிடம் சொன்னால் உதவி கிடைக்குமா இல்லை ஊர்ப்பேச்சுதான் மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். எப்படிச் சொல்வது, என்ன கேட்பது என்பதில் மட்டும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையில் அதைப் பிசாசின் கட்டு என்றார்கள். உபவாச ஜெபம் வைத்தார்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் கேட்க, அம்மா நிறுத்திவிட்டார். முதல் சில வாரம் தம்பி நன்றாகவே இருந்தான், அதுதான் கொடுமை. மாத்திரையை நிறுத்தினால் நோய் மறுநாளே திரும்பி வருவதில்லை. பல நேரம் வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்லிவிட்டோம். நான்காம் மாதம் அவனை மருத்துவமனையில் சேர்த்தபோது சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் அன்போடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவனுக்குக் கேட்ட குரல்கள் இரவும் பகலும் 'நீ அசுத்தமானவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தன. சுற்றி நின்று தலையில் கை வைத்து நாலு பேர் அதட்டியபோது, அந்தக் குரல்களோடு இவர்களும் சேர்ந்துகொண்டதாகத்தான் அவனுக்குப் பட்டிருக்கிறது. ரொம்ப நாள் கழித்து அவனே சொன்னான்.

அப்புறம் வேறொரு சபைக்குப் போனோம். அங்கே போதகர் முதலில் கேட்டது, மருத்துவர் என்ன சொல்கிறார் என்று. தம்பியால் பத்து நிமிடம்கூட ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுவான், நடப்பான், திரும்ப வருவான். அது மருந்தின் பக்கவிளைவு. உடம்புக்குள் ஒரு பரபரப்பு, கால்கள் நிற்கவிடாது. பழைய சபையில் அதையும் ஆவியின் கணக்கில் எழுதினார்கள். இங்கே ஒரு மூப்பர் கதவோரத்துக் கடைசி இருக்கையை அவனுக்கென்று வைத்துக்கொடுத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். அவன் எழுந்தால் காலை ஒதுக்கி வழி விடுவார், அவ்வளவுதான். திருவிருந்தில் தம்பியின் கை நடுங்கி ஒருமுறை கிண்ணம் சட்டையில் சிந்திவிட்டது. அடுத்த மாதம் அவன் முன்னால் போகவே இல்லை. போதகர் கிண்ணத்தோடு கடைசி வரிசைக்கு வந்து, அவன் விரல்கள் மேல் தன் விரல்களை வைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மா அன்றைக்கு அழுததை நான் மறக்கவே மாட்டேன்.

நாம் இன்றும் பாடும் பாடல்கள் சிலவற்றை எழுதிய வில்லியம் கூப்பருக்கும் கடுமையான மனச்சோர்வு இருந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பி ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். 1773-ல் நிலை மோசமானபோது போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பருக்கு அந்த எண்ணம் கடைசிவரை முழுதாக நீங்கவில்லை. நியூட்டனும் நட்பை விடவில்லை. சுகமானால்தான் சாட்சி என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள் விஷயத்தில் போதகருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை சில உண்டு. இருமுனைக் கோளாறில் தூக்கம் கெடுவதே மிகையெழுச்சியை, அதாவது மனம் அளவுக்கு மீறிப் பொங்கும் நிலையை, கிளப்பிவிடும். அதனால் முழு இரவு ஜெபம் அவளுக்கு வேண்டாம். இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் ஆபத்து. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். மிகையெழுச்சி ஏறும் நேரத்தில் அவள் தூங்காமல், நிற்காமல் ஜெபிக்கலாம், தேவன் தன்னைத் தனியாகத் தெரிந்துகொண்டதாகச் சொல்லலாம், கையிலிருப்பதையெல்லாம் காணிக்கையாகப் போடலாம். பார்ப்பவர்களுக்கு அது எழுப்புதல் மாதிரி தெரியும். அந்த நேரத்தில் மேடை ஏற்றாமல் உங்களுக்குத் தகவல் சொல்லும் ஒருவர் சபையில் இருந்தால் பெரிய உதவி.

தற்கொலை எண்ணம் பற்றியும் பேசி வையுங்கள். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க வேண்டும், ஆம் என்றால் தனியாக விடக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஜெபத்தைப் போகும் வழியில் செய்யலாம்.

அப்புறம் நீங்கள். எங்களிடம் எல்லோரும் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். 'நீங்க தூங்கினீங்களா?' என்று அம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு அக்காதான். அவர் வாரம் ஒருநாள் மாலை வந்து தம்பியோடு இரண்டு மணி நேரம் இருப்பார். அம்மாவும் அப்பாவும் வெளியே போய் சும்மா நடந்துவிட்டு வருவார்கள். உங்கள் சபையில் இந்த மாதிரி ஒன்றைக் கேளுங்கள். 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொன்னால் ஜெபத்தோடு நின்றுவிடும். 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒருவர் வர முடியுமா?' என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேட்டால் ஆள் கிடைக்கும்.

போவதற்கு முன் மகளிடம் கேட்டுவிட்டுப் போங்கள். எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பது அவள் முடிவு. ஜெபக் குறிப்பில் அவள் பெயரையும் நோயையும் சேர்த்து வாசிக்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவள் இப்போதைக்கு எதுவுமே வேண்டாம் என்றாலும் நீங்கள் போங்கள். ஆறு மாதமாக நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைச் சொல்ல அவள் அனுமதி வேண்டியதில்லை.