ஜேமி வார்டி: கேட்டவையும் சொன்னவையும்

சென்ற வாரம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லியிருந்தேன்: இங்கிலாந்தின் தாக்குதல் வீரர் ஜேமி வார்டியின் கால்பந்து வாழ்க்கையில் மிக முக்கியமான ஆண்டு, அவர் ஆடிய லெஸ்டர் சிட்டி கிளப் பிரீமியர் லீக் பட்டம் வென்ற 2015-16 அல்ல, அவர் திணறித் தவித்த 2012-13 தான் என்று. அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரே மூச்சில்.

கேள்வி: ஐயா, 16 வயதில் அவரை ஏன் வேண்டாம் என்று அனுப்பினார்கள்? அவ்வளவு பெரிய கிளப்புக்கு ஆள் தெரியாமலா போயிற்று?

பதில்: ஷெஃபீல்ட் நகரத்துப் பையன். அந்த ஊரின் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்பின் இளையோர் அணியில் இருந்தார். குள்ளமாக இருக்கிறான் என்று விடுவித்துவிட்டார்கள். அனுப்பிய பிறகுதான் உயரமானார் என்பது இதில் வேடிக்கை. பதினாறு வயதில் உடம்பைப் பார்த்துக் கணக்குப் போடுவது விதை முளைப்பதற்கு முன்பே அறுவடையை எடைபோடுகிற வேலை. ஆனால் கிளப்பை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகளை அனுப்பித்தான் ஆகவேண்டும். அதில் சில கணக்குகள் தப்பும். வார்டி சில மாதங்கள் பந்தைத் தொடவே இல்லை. அப்போது மனம் எந்த அளவுக்கு உடைந்திருந்தது என்பதற்கு அது போதும்.

கேள்வி: பெரிய கிளப் கைவிட்டால் கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? பிறகு எப்படி மேலே வந்தார்?

பதில்: இங்கிலாந்துக் கால்பந்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். அங்கே உச்சிப் படியான பிரீமியர் லீக்குக்குக் கீழே மாடிப்படிபோல அடுக்கடுக்காக லீக்குகள். எந்தப் படிக்கும் பூட்டு கிடையாது. வென்றால் ஒரு படி மேலே, தோற்றால் ஒரு படி கீழே. கிளப்புக்கு உள்ள இந்த வழி வீரருக்கும் உண்டு.

வார்டி தொடங்கியது எட்டாவது படியில். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிறு கிளப். ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் எஃகு ஆலை ஊர். 2007-இல் முதல் அணிக்கு வந்தார். சம்பளம் வாரத்துக்கு 30 பவுண்ட். பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கால் பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கட்டும் கார்பன் இழைத் தாங்கிகளைச் செய்துகொண்டிருந்தார். மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம்.

2010-இல் ஹாலிஃபாக்ஸ் டவுன் அவரை 15,000 பவுண்டுக்கு வாங்கியது. முதல் ஆண்டிலேயே தாங்கள் ஆடிய லீக்கை வென்றார்கள். 2011 ஆகஸ்டில் ஐந்தாவது படியில் இருந்த ஃப்ளீட்வுட் டவுன். அங்கே லீக்கில் மட்டும் 31 கோல். அந்தக் கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாக நான்காவது படிக்கு ஏறியது. 2012 மே மாதம் லெஸ்டர் சிட்டி 10 லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கியது. மேல் நான்கு படிகளுக்கு வெளியே இருந்த கிளப்பிலிருந்து வந்த ஒரு வீரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் விலை 15,000-லிருந்து 10 லட்சம். அவருக்கு வயது 25.

கேள்வி: காலில் மின்னணுப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார் என்கிறார்களே, நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம். 2007-இல் ஒரு மதுக்கடைக்கு வெளியே நடந்த அடிதடிக்காகத் தண்டனை பெற்றார். காது கேட்கும் கருவி அணிந்த தன் நண்பனை யாரோ கேலி செய்ததால் கைகலப்பானது என்பது அவர் தரப்பு. ஆறு மாதம் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை. மாலை 6 மணிக்குள் வீட்டில் இருந்தாகவேண்டும்.

சனிக்கிழமை ஆட்டம் அங்கே மூன்று மணிக்குத் தொடங்கும். வெளியூர் ஆட்டம் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு மணி நேரம் ஆடுவார். அதற்குள் அணி முன்னிலைக்கு வந்துவிடாதா என்று எல்லோருக்கும் தவிப்பு. பிறகு மாற்று வீரர் உள்ளே, இவர் வெளியே. மைதானத்து வேலியைத் தாண்டிக் குதித்து, காத்திருக்கும் பெற்றோரின் காரில் ஏறி, சேறு காயாத உடையோடு வீட்டுக்கு ஓட்டம். பிற்காலத்தில் தற்காப்பு வீரர்களுக்கு முதுகு காட்டி ஓடியவர், அந்நாளில் கடிகாரத்தோடு ஓடினார்.

இதைக் கேட்டு ரசிக்கிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். அடித்தது அடித்ததுதான்.

கேள்வி: சரி, சென்ற வாரம் நீங்கள் சொன்னதற்கு வருவோம். 2012-13 ஏன் முக்கியம்? அந்த ஆண்டு அவர் நன்றாக ஆடவே இல்லையே!

பதில்: அதனால்தான் முக்கியம்.

லெஸ்டர் அப்போது இரண்டாவது படியான சாம்பியன்ஷிப்பில் இருந்தது. ஐந்தாவது படியிலிருந்து ஒரே தாவலில் அங்கே வந்த வார்டி, லீக்கில் நான்கே கோல் அடித்தார். 10 லட்சத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்று ரசிகர்களே பேசினார்கள். அவருக்கும் அதே எண்ணம். கால்பந்தையே விட்டுவிடலாம் என்று யோசித்திருக்கிறார். குடியும் சேர்ந்துகொண்டது. பயிற்சிக்கே குடித்துவிட்டு வந்தார் என்று கிளப்பின் அன்றைய துணைத் தலைவர் ஐயவாட் பின்னாளில் சொன்னார். இப்படியே முடித்துக்கொள்ளப் போகிறாயா என்று நேரிலேயே கேட்டிருக்கிறார். இவ்வளவு பணத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதுதான் வார்டியின் பதில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஒரு கிளப் செய்யக்கூடிய எளிய காரியம் என்ன? வந்த விலைக்கு விற்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பது. மேலாளர் நைஜல் பியர்சனும் துணைப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும் அதைச் செய்யவில்லை. உட்காரவைத்துப் பேசினார்கள். நீ இந்த மட்டத்துக்கு ஏற்றவன்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மறு ஆண்டு 16 லீக் கோல். லெஸ்டர் 102 புள்ளிகளோடு சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீக்குக்குள் நுழைந்தது.

பட்டம் வென்ற ஆண்டின் மேலாளர் ரனியேரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வார்டியின் கதையில் பாதிப் பங்கு பியர்சனுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் உரியது என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கேள்வி: அண்ணா, பிரீமியர் லீக்குக்கு வந்ததும் பிய்த்து உதறிவிட்டாரா?

பதில்: இல்லை தம்பி. அந்த மேடையில் அவர் முதலில் கால் வைத்தபோது வயது 27. 2014 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தை லெஸ்டர் 5-3 என்று வென்றது. அதில் ஒரு கோல் இவருடையது, பெனால்டிகளையும் பெற்றுத் தந்தார். ஆகா என்றார்கள். அடுத்த கோல் வந்தது மார்ச் மாதம்! இடையில் ஆறு மாதம் வறட்சி. அணியும் கடைசி இடத்தில் கிடந்தது. பிறகு கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பித்தார்கள். வார்டியின் மொத்த லீக் கோல் அந்த ஆண்டு ஐந்து.

கேள்வி: தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்த சாதனையைப் பற்றி எழுதுங்கள்.

பதில்: 2015 ஆகஸ்ட் 29 அன்று போர்ன்மத்துக்கு எதிராகத் தொடங்கியது. பத்தாவது ஆட்டத்தில் ரூட் வான் நிஸ்டல்ரூயின் 2003-ஆம் ஆண்டுச் சாதனையைத் தொட்டார். நவம்பர் 28, லெஸ்டரில் பதினொன்றாவது ஆட்டம். எதிரே வந்தது வான் நிஸ்டல்ரூய் அந்தச் சாதனையைச் செய்தபோது ஆடிய அதே மான்செஸ்டர் யுனைடெட்.

24-ஆவது நிமிடம். யுனைடெட்டுக்குக் கார்னர். பந்தைப் பிடித்த லெஸ்டர் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் ஒரு நொடி வீணாக்காமல் சக வீரர் ஃபுக்ஸுக்கு உருட்டிவிட்டார். ஃபுக்ஸ் வலப்பக்கமாக ஓடுகிறார். வார்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டார். இரண்டு தற்காப்பு வீரர்களுக்கு நடுவே, நூல் பிடித்தாற்போல் ஒரு பாஸ். வார்டி ஓட்டத்தைக் குறைக்கவே இல்லை. யுனைடெட் கோல்கீப்பர் டி ஹெயாவைக் கடந்து தூரத்து மூலையில் தாழ்வாக ஒரு உதை. கார்னர் அடித்தவர்கள் திரும்பி ஓடி முடிப்பதற்குள் பந்து வலையில். அவருடைய ஆட்டம் முழுவதையும் ஒரே கோலில் பார்க்க விரும்புகிறவர்கள் இதைப் பாருங்கள்.

அடுத்த வாரம் ஸ்வான்ஸியில் தொடர் நின்றது. அன்று சக வீரர் மஹ்ரெஸ் மூன்று கோல் அடித்ததால் யாரும் வருத்தப்படவில்லை. பிரீமியர் லீக் என்ற பெயர் வருவதற்கு முந்தைய காலத்தையும் சேர்த்தால், 1931-32-இல் ஜிம்மி டன் தொடர்ந்து 12 ஆட்டங்களில் அடித்திருக்கிறார். எந்தக் கிளப்புக்கு? வெட்னஸ்டேயின் உள்ளூர்ப் போட்டியாளரான ஷெஃபீல்ட் யுனைடெட்! வெட்னஸ்டே ரசிகரான வார்டிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

கேள்வி: லெஸ்டர் பட்டம் வென்றது முழுக்க அதிர்ஷ்டம் என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: மறுப்பேன். பருவத் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று, அதாவது லெஸ்டர் மீது ஒரு பவுண்ட் கட்டி ஜெயித்தால் 5000 என்று, விலை வைத்தார்கள் என்பது உண்மை. அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால்தான் அது மாயமந்திரமாகத் தெரிகிறது. 38 ஆட்டங்கள், 81 புள்ளிகள், இரண்டாம் இடத்து ஆர்சனலைவிட 10 அதிகம். அதிர்ஷ்டம் ஒன்பது மாதம் தங்காது.

வேலை நடந்த விதம் இது: பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கமாக நிற்பார்கள். நடுக்கள வீரர் காண்டே பந்தைப் பறிப்பார். அவருக்குப் பக்கத்தில் ஆடும் டிரிங்க்வாட்டர் தலையை நிமிர்த்துவதற்கு முன்பே வார்டி ஓடத் தொடங்கியிருப்பார். பெரிய அணிகளின் தற்காப்பு வீரர்கள் மைதானத்தின் நடுவரை ஏறி நிற்பார்கள்; அவர்களுக்குப் பின்னால் இருக்கிற வெற்றிடம்தான் இவருக்குச் சோறு. அந்த ஆண்டு 24 லீக் கோல், கால்பந்து எழுத்தாளர்களின் சிறந்த வீரர் விருது.

மறு ஆண்டு காண்டே செல்சிக்குப் போனார். எதிரணிகளும் ஏறி நிற்பதை விட்டுப் பின்வாங்கி நின்றன. வெற்றிடம் இல்லை, வார்டியும் இல்லை. 13 கோலோடு ஆண்டு முடிந்தது. 2017 பிப்ரவரியில் ரனியேரியின் வேலையும் போயிற்று. அடுத்த ஆட்டத்திலேயே வார்டி லிவர்பூலுக்கு எதிராக இரண்டு அடித்ததும், மேலாளரைக் கவிழ்த்தது வீரர்கள்தான் என்று பேச்சுக் கிளம்பியது. நான் அதை நம்பவில்லை.

கேள்வி: ஆர்சனல் கூப்பிட்டும் போகவில்லையே, தவறுதானே?

பதில்: 2016 கோடையில் கூப்பிட்டார்கள், லெஸ்டரிலேயே இருந்துவிட்டார். ஆர்சனல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆடும் அணி, எதிரணி எப்போதும் பின்னால் குவிந்திருக்கும். மேலே சொன்ன வெற்றிடத்தை நினைத்துப் பாருங்கள். மீனைக் கரையில் போட்டதுபோல் ஆகியிருக்கும்.

கேள்வி: சூதாட்ட விடுதியில் இனவெறியோடு பேசிய விவகாரத்தை ஏன் யாரும் சொல்வதில்லை?

பதில்: நான் சொல்கிறேன். 2015 கோடையில், கிழக்காசிய முகம் கொண்ட ஒருவரை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசியது வீடியோவில் பதிவானது. மன்னிப்புக் கேட்டார், கிளப் அபராதம் விதித்தது. அந்தக் கிளப்பின் உரிமையாளர்களே தாய்லாந்துக் குடும்பம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அவர் ஆட்டத்தை ரசிக்கிற நான் இதற்குச் சமாதானம் தேடப்போவதில்லை.

கேள்வி: இங்கிலாந்துக்கு ஏன் 26 ஆட்டம் மட்டுமே?

பதில்: முதல் ஆட்டமே 28 வயதில், பிறகு அதே இடத்துக்கு இவருக்கு முன்னே ஹாரி கேன் இருந்தார். ஏழு கோல் அடித்தார். 2016 மார்ச்சில் பெர்லினில் ஜெர்மனிக்கு எதிராகக் குதிகாலால் தட்டிவிட்டது எனக்குப் பிடித்தது. 2018 உலகக் கோப்பைக்குப் பிறகு தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்த ஓய்வுதான் பின்னாளில் அவர் கால்களுக்கு உதவியது.

கேள்வி: ஆட்டத்துக்கு முந்தின இரவு மது குடிப்பாராமே?

பதில்: போர்ட் ஒயினைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்துக் குடித்ததாகச் சுயசரிதையில் அவரே சொல்கிறார். ஆட்டத்தன்று ரெட் புல். இவற்றைப் பின்பற்ற நினைக்கிற தம்பிகள், 38 வயதிலும் பிரீமியர் லீக்கில் ஓடக்கூடிய கால்கள் தங்களுக்கு இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: கடைசி ஆண்டுகளைப் பற்றி? பட்டத்துக்குப் பிறகு அவரைத் தொடரவில்லை.

பதில்: நிறைய விட்டுவிட்டீர்கள். 2019-20-இல் 23 கோல் அடித்து, 33 வயதில், அதிக கோல் அடித்தவருக்குத் தரும் தங்கக் காலணி விருதைப் பெற்றார். பிரீமியர் லீக்கில் அதை வென்றவர்களில் அவரே மூத்தவர். அதே ஆண்டு சவுதாம்டனை அவர்கள் ஊரிலேயே 9-0 என்று துவைத்தபோது இவருடையது மூன்று. 2021-இல் செல்சியைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை.

பிறகு சரிவு. 2022-23-இல் மூன்றே கோல். லெஸ்டர் கீழே இறங்கியது. மற்றவர்கள் பெட்டியைக் கட்ட, 36 வயதுக்காரர் தங்கினார். மறு ஆண்டு 18 கோல், மீண்டும் மேலே. அதற்கும் மறு ஆண்டு மீண்டும் கீழே! வெளிப்படையாகவே ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மோசமான அணியிலும் அவர் கணக்கில் ஒன்பது கோல். பிரீமியர் லீக்கில் மொத்தம் 145. எல்லாமே 27 வயதுக்குப் பிறகு அடித்தவை.

2025 மே 18, இப்ஸ்விச்சுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் விடைபெறும் ஆட்டம். லெஸ்டருக்காக அவருடைய 500-ஆவது ஆட்டம் அது. அன்று அடித்தது 200-ஆவது கோல். அப்படியே காலணியைக் கழற்றி மாட்டியிருந்தால் சினிமா முடிவுபோல இருந்திருக்கும். செப்டம்பரில் இத்தாலிக்குப் போய் கிரெமொனீஸ் கிளப்பில் சேர்ந்துவிட்டார்.