வெட்டியது யார், தோற்றது யார்?

கேள்வி: ஓய்வூதியத்தையும் மானியத்தையும் வெட்டி, வரியையும் உயர்த்துகிற அரசு அடுத்த தேர்தலில் தோற்றே தீரும் என்கிறார்கள். அப்படியானால் சில அரசுகள் மீண்டும் வெல்வது எப்படி?

பதில்: பெரும்பாலும் தோற்கத்தான் செய்கின்றன. ஆனால் வாக்காளர்கள் வெட்டின் அளவைவிட, அதற்கு முன் தங்களிடம் என்ன சொல்லப்பட்டது என்பதையே அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிரேக்கத்தில் 2009ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, 'பணம் இருக்கிறது' என்று மேடையில் சொன்ன ஜார்ஜ் பாப்பன்ட்ருவின் பாசோக் கட்சி, ஏறத்தாழ 44 சதவீத வாக்குகளுடன் ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்திலேயே பன்னாட்டு நாணய நிதியத்திடமும் யூரோ நாடுகளிடமும் கடன் வாங்க நேர்ந்து, அதற்கான நிபந்தனையாக ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் அது குறைத்தது. எதிராளிகளுக்கு வேறு முழக்கமே தேவைப்படவில்லை. அந்த இரண்டு சொற்களைத் திருப்பிச் சொன்னாலே போதுமானதாக இருந்தது. 2012 மே தேர்தலில் 13 சதவீதமாகச் சரிந்த கட்சி, 2015 ஜனவரியில் 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

அந்தத் தேர்தலில் வென்ற சிரிசா கட்சியின் கதை வேறு. 2015 ஜூலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை 61 சதவீதத்தினர் நிராகரித்த பிறகும், பிரதமர் சிப்ராஸ் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடுமையான நிபந்தனைகளுக்கு உடன்பட்டார். ஆயினும் செப்டம்பரில் மீண்டும் வென்றார். போராடிப் பார்த்துத்தான் பணிந்தார் என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் ஜனவரியில் சுமார் 64 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு அப்போது 57 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. வாக்குச்சாவடிக்கே போகாமல் இருப்பதும் ஒரு பதில்தானே!

சில இடங்களில் தண்டனை கூட்டாளிக்குப் போய்ச் சேர்கிறது. பிரிட்டனில் 2010 தேர்தலுக்கு முன், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்ட லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள், அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி படமும் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமையில் அவர்கள் பங்கேற்ற கூட்டணி அரசு இங்கிலாந்தில் கட்டண உச்சவரம்பை ஆண்டுக்கு 9,000 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்தியது. தலைவர் நிக் கிளெக் பின்னர் மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. 2015இல் கட்சியின் இடங்கள் 57இலிருந்து 8 ஆயின. சிக்கனத்தை முன்னின்று நடத்திய கன்சர்வேட்டிவ் கட்சியோ, செலவைக் குறைப்போம் என்று முன்பே சொல்லி வந்திருந்ததால், தனிப்பெரும்பான்மையே பெற்றுவிட்டது.

லாட்வியாவில் நெருக்கடி முற்றிய பின் 2009 மார்ச்சில் பிரதமராகப் பொறுப்பேற்ற டோம்ப்ரோவ்ஸ்கிஸ், அரசு ஊழியர் சம்பளத்தைக் கடுமையாகக் குறைத்தும் 2010இல் வென்றார்; பழி முந்தைய ஆட்சியாளர்கள் மேல் இருந்தது. கோபப்பட்டிருக்கக்கூடிய பலர் அதற்குள் வேலை தேடி வெளிநாடு போய்விட்டதையும் மறக்கக் கூடாது.

தேர்தலில் வென்றுவிட்டதால் கோபம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் நலத்திட்ட வெட்டுகளால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பு வாக்குகள் கூடின என்று பொருளாதார அறிஞர் தீமோ ஃபெட்சர் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அந்தக் கணக்கு, ஒன்றியத்திலிருந்து விலகுவது குறித்த 2016ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில்தான் தீர்க்கப்பட்டது.