மண் கேள்விகள்: சாம்பலுக்கு அடியில் கூழாங்கல்

போன இதழில் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு கேள்வியை இடம் போதாமல் தள்ளி வைத்து, எரிமலைச் சாம்பல் மண்ணைப் பற்றி அடுத்த முறை பார்ப்போம் என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த முறை முழுக்க அந்த மண்தான்.

*

கேள்வி: என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தெற்கே புவர்ட்டோ மான்ட் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வெளியே போய்ச் சுற்றிவிட்டு, ரோட்டுக்காக வெட்டிய ஒரு பள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பினான். மேலே முக்கால் முழத்துக்குக் கருப்பட்டி நிறத்தில் பஞ்சு மாதிரி மண். அதற்குக் கீழே நூல் பிடித்த மாதிரி துரு நிறத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உருண்டைக் கூழாங்கல்லும் மணலுமாகக் கிடக்கிறது. கையில் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி வழுக்குது உம்மா என்கிறான். கூழாங்கல் இருப்பதால் அது முன்பு கடலாக இருந்த இடமா? (கீழக்கரை வாசகி)

பதில்: கடல் இல்லை அம்மா, பனி. உங்கள் மகன் எடுத்த படத்தில் இரண்டு வெவ்வேறு காலம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் இருக்கிற அந்தக் கோடுதான் விசேஷம்.

கீழே இருப்பதை முதலில் பார்ப்போம். கடைசிப் பனியுகத்தில் ஆண்டிஸ் மலையிலிருந்து பனியாறுகள் இறங்கி, இன்றைக்கு யங்கீவே ஏரி இருக்கிற பள்ளத்தைத் தோண்டிக்கொண்டு அந்தப் பக்கமெல்லாம் பரவியிருந்தன. பனியாறு பாறையை அரைக்கும், ஆனால் உருட்டாது. உருட்டியது அதன் முன்முனையிலிருந்து உருகி ஓடிய தண்ணீர். வெள்ளமாக வந்த அந்தத் தண்ணீர் கனமான கல்லையும் மணலையும் வழியிலேயே போட்டுவிட்டு, வண்டலை மட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் கீழே களி இல்லாமல் வெறும் சரளையும் மணலுமாக இருக்கிறது. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் பனி பின்வாங்கியபோது அங்கே மிச்சமிருந்தது இந்தக் கல்வெளிதான்.

அப்புறம் மேலிருந்து விழுந்தது சாம்பல். ஏரிக்கரையிலேயே ஒசோர்னோ எரிமலை நிற்கிறது, பக்கத்தில் கல்புக்கோ. கல்புக்கோ 2015 ஏப்ரலில்கூட வெடித்தது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவியதுதான் அந்த முக்கால் முழம். சாம்பல் என்ற பேர் நம்மை ஏமாற்றும். அங்கே எதுவும் எரிந்து சாம்பலாகவில்லை. பாறைக்குழம்பு வெடித்துச் சிதறி, படபடவென்று ஆறி, கண்ணாடித் தூளாகிவிட்டது. கண்ணாடித் தூள் மழையில் சீக்கிரம் கரையும், கரைந்ததிலிருந்து அல்லோஃபேன் என்ற ஒரு வினோதமான களிப்பொருள் உண்டாகும். நம் களிமண் தாள் தாளாக அடுக்கியிருப்பது, இது உள்ளே வெறுமையான குட்டிக் குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அகலம். எங்கே பார்த்தாலும் துவாரம். அதனால் மண்ணே லேசாகிவிடும்: ஒரு லிட்டர் கடற்கரை மணல் ஒன்றரைக் கிலோவுக்குமேல் நிற்கும், இந்த மண்ணில் ஒரு லிட்டர் அள்ளிக் காயவைத்தால் 900 கிராமைத் தாண்டாது. அத்தனை துவாரத்திலும் தண்ணீர்தான். பிசைந்தால் அது வெளியே வரும், அதுதான் மகன் சொன்ன வழுவழுப்பு. அழுத்துவதை விட்டுவிட்டால் மறுபடி இறுகிக்கொள்ளும்.

இப்போது அந்தக் கோடு. மேலே பஞ்சு, கீழே சல்லடை மாதிரி சரளை. பெய்கிற மழை கடகடவென்று கீழே இறங்கிவிடும் என்றுதானே யாரும் நினைப்போம்? இறங்காது. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுப் பாருங்கள், மேல்பாதி காய்ந்த பிறகும் கீழ்க்கரை ஈரமாகவே தொங்கும், கீழே வெறும் காற்று இருந்தும் நூல் தண்ணீரை விடாது, கரை முழுக்க நிறைந்து தாங்க முடியாமல் போனால்தான் சொட்டும். சாம்பல் மண்ணின் நுண்துவாரம் அந்த நூல், சரளையின் பெரிய இடுக்கு அந்தக் காற்று. ஆக, அடியில் சரளை இருப்பதாலேயே மேல்மண் கூடுதலாகத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. படித்த காலத்தில் எனக்கே இது நம்ப முடியாமல் இருந்தது.

தண்ணீர் அந்த எல்லையில் நின்று நின்று, கரைந்து வந்த இரும்பும் மற்றதும் அங்கேயே படிந்து, சில மில்லிமீட்டர் தடிமனில் ஓடு மாதிரி இறுகிவிடும். சிலியில் அதற்கு ஃபியெரீயோ என்று பேர், குட்டி இரும்பு என்று அர்த்தம். உங்கள் மகன் பார்த்த துருக்கோடு அதுவாகத்தான் இருக்க வேண்டும். இந்த வகை நிலத்தை அங்கே ஞாதி என்கிறார்கள். (நமக்கு ஞாதி என்றால் பங்காளி. அந்த நிலத்தின் குணமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.) மழைக்காலத்தில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் மாடு காலை வைத்தால் புதையும், கோடையில் அந்த முக்கால் முழத்து ஈரம் தீர்ந்ததும், குறுக்கே இருக்கிற அந்த இரும்பு ஓடு தடுத்து வேர் தாண்ட முடியாமல், தாண்டினாலும் கீழே சரளையில் எதுவும் கிடைக்காமல் புல் வாடும். சரி, வாய்க்கால் வெட்டி வடித்துவிடலாம் என்றால், அளவுக்கு மீறி வடித்த நிலம் காய்ந்து சுருங்கி, பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய பஞ்சாக ஆவதில்லை. சாம்பல் ஆழமாகக் கிடக்கிற இடத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அந்த ஆழமான மண்ணுக்கு அங்கே த்ருமாவ் என்று தனிப் பேரே உண்டு.

*

கேள்வி: உரக்கடையில் பொட்டாஷைச் சாம்பல்சத்து என்கிறோம். அப்படியானால் சாம்பல் மண்ணில் பொட்டாஷ் போடவே வேண்டாமா? அந்த மண்ணும் எங்கள் கரிசல் மாதிரிக் கறுப்புதானா? (கமுதிப் பக்கத்துச் சம்சாரி)

பதில்: நல்ல குழப்பம் அண்ணே. அந்தப் பேர் அடுப்புச் சாம்பலிலிருந்து வந்தது. விறகு எரிந்த சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்பும் இருக்கும், காரத்தன்மை இருக்கும், அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்தே போகும். எரிமலைச் சாம்பல் பாறைத்தூள், அதில் பாதிக்கு மேல் மணலில் இருக்கிற அதே சிலிக்கா. பொட்டாஷ் இருக்கும், எவ்வளவு என்பது அந்தந்த எரிமலையின் குழம்பைப் பொறுத்தது.

அங்கே விவசாயியைப் படுத்துவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். அல்லோஃபேன் மணிச்சத்தைக் கண்டால் விடாது. இந்த வகை மண்ணை அடையாளம் காண்பதற்கே ஒரு சோதனை இருக்கிறது: மணிச்சத்துக் கரைசலை மண்ணோடு கலக்கினால் 100 பங்கில் 85 பங்குக்கு மேல் மண் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டை மூட்டையாக சூப்பர் பாஸ்பேட்டை வீசினாலும் செடிக்குப் போகிறது கொஞ்சம்தான். அதனால் பரவலாக வீசாமல், உருளைக்கிழங்கு நடும்போது விதைக்கிழங்குக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைக்கிறார்கள், புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பும் போடுகிறார்கள். உங்கள் கரிசலிலும் மணிச்சத்து மாட்டிக்கொள்ளத்தான் செய்கிறது, அங்கே அல்லோஃபேனில் இருக்கிற அலுமினியம் பிடிக்கிறது, இங்கே சுண்ணாம்பு பிடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யை வீசாமல் வேர்ப்பக்கம் வைக்கிற யோசனை முண்டு மிளகாய்க்கும் பொருந்தும்.

கறுப்பு விஷயம். ஜப்பானிய மொழியில் ஆன்டோ என்றால் கருமண் என்று அர்த்தம், ஆண்டோசால் என்ற உலகப் பேரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கறுப்பு மக்கு. இலைதழை மக்கியதை அல்லோஃபேன் இறுக்கிப் பிடித்துச் சேர்த்து வைக்கிறது. கரிசலைப் பார்த்தால் ஏகப்பட்ட மக்கு இருக்கும் போலத் தோன்றும், சோதித்தால் அங்ககக் கரிமம் 1 சதவீதம்கூடத் தேறாத காடுகள்தான் அதிகம். கரிசல் கோடையில் ஆள் கால் போகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் பூரித்துக் காலில் அப்பும். சாம்பல் மண்ணுக்கு அந்த வீம்பு கிடையாது.

*

கேள்வி: பனியாறு நம் இராமநாதபுரத்துக்கு எப்போதாவது வந்ததா? எரிமலைச் சாம்பலாவது விழுந்ததா? (தொண்டி, கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, கடைசிப் பனியுகத்தில் பனி இங்கே வரவில்லை, உருகிய தண்ணீர் வந்தது. கடல் தண்ணீரில் ஒரு பங்கு பனியாக நிலத்தின்மேல் உட்கார்ந்திருந்த காலத்தில் கடல் மட்டம் இப்போதிருப்பதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. பாக் நீரிணையில் ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம்தானே? அன்றைக்கு உங்கள் தொண்டிக் கரையிலிருந்து இலங்கைக்குக் காலாலேயே நடந்து போயிருக்கலாம். சிலியில் கூழாங்கல்லை உருட்டிய தண்ணீர், கனடாவிலும் ஐரோப்பாவிலும் உருகிய தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலத்தை மூடியது.

சாம்பல் விழுந்தது. சுமத்ராவில் டோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது இந்தியா மேல் சாம்பல் படிந்தது. ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் அந்தப் படிவை இன்றும் தோண்டிப் பார்க்கலாம், வங்கக்கடலின் தரையிலும் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை விழுந்தது அது. காற்றும் வெள்ளமும் வாரிக்கொண்டு போனது போக, மிஞ்சியதும் இத்தனை காலத்தில் சாதாரணக் களியாக மாறிவிடும். அல்லோஃபேன் நிலைத்திருக்க ஈரம் வேண்டும், அடிக்கடி புதுச் சாம்பலும் விழ வேண்டும். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழையை ஐப்பசி கார்த்திகையில் வாங்கிக்கொண்டு மற்ற மாதமெல்லாம் காய்கிற ஊரில் அது நடக்காது. உலக நிலப்பரப்பிலேயே இந்த மண் 1 சதவீதத்துக்கும் குறைவு.

*

கேள்வி: மாடித்தோட்டத் தொட்டியில் தண்ணீர் வடிய அடியில் அரை அடிக்கு ஜல்லி போட்டிருக்கிறேன். ஆனாலும் கத்தரிச்செடி வேர் அழுகுகிறதே? (இராமநாதபுரம் வாசகி)

பதில்: ஜல்லியால்தான். மேலே வேட்டிக் கதையைப் படித்தீர்களா? உங்கள் தொட்டியும் ஒரு சின்ன ஞாதி. ஜல்லிக்கு மேலே மண் நிரம்பி வழிகிற வரைக்கும் தண்ணீர் கீழே இறங்காது. நீங்கள் செய்தது ஈரம் தங்குகிற மட்டத்தை அரை அடி உயர்த்தி வேருக்குப் பக்கத்தில் கொண்டு வந்ததுதான். ஜல்லியை எடுத்துவிட்டு, ஓட்டைமேல் ஒரு ஓட்டாஞ்சில்லு மட்டும் கவிழ்த்து வைத்து, தொட்டி முழுக்க ஒரே கலவையை நிரப்புங்கள். நம் கடற்கரை மணலைக் கலப்பதாக இருந்தால் உப்புப் போக நாலு தடவை அலசிவிட்டுக் கலக்குங்கள்.

*

கேள்வி: கரையில் மிதக்கிற கல் ஒன்று எடுத்தேன். எரிமலைக் கல் என்று நண்பர் சொல்கிறார், பவளக்கல் என்று அப்பா சொல்கிறார். (பாம்பன்)

பதில்: கோயில் தொட்டியில் மிதக்கும் கல்லைப் பற்றி நான் பேசவில்லை, உங்கள் கையில் இருக்கிற கல்லைப் பற்றி மட்டும். ஒரு ஓரத்தைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி விட்டால் பவளம், அது சுண்ணாம்பு. உள்ளே காற்று அடைபட்ட செத்த பவளம் காய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் மிதப்பதுண்டு. நுரைக்காமல், கண்ணாடியைத் தொட்டால் கீறுகிற மாதிரி இருந்தால் நுரைக்கல். எரிமலைக் குழம்பு வாயுவோடு பொங்கி உறைந்தது அது, தூளாக உடைந்தால் அதுவே சாம்பல். 1883-ல் கிரக்கடோவா வெடித்தபோது இந்த நுரைக்கல் மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போனது, பாம்பனுக்கு வருவது பெரிய விஷயமில்லை. பவளம் என்று தெரிந்தால் மேற்கொண்டு பொறுக்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

*

மறுபடியும் கீழக்கரை வாசகி, தனிச் சீட்டில்: மகன் அந்த மண்ணில் ஒரு பை கொண்டு வரட்டுமா என்கிறான், ரோஜாவுக்குப் போடலாமே?

பதில்: வேண்டாம் அம்மா. அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண்ணை உள்ளே கொண்டு வர முடியாது, நோய்க்கிருமி வரும் என்று துறைமுகத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வந்தாலும் கப்பல் அறைச் சூட்டில் காய்ந்து, நீங்கள் தண்ணீர் ஊற்ற ஊற்ற மணல் மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கும். இன்னொரு தடவை அங்கே இறங்கினால் அதே கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அந்த ஓடு எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிடலாம்.