நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அப்பா நின்றுவிடுகிறார்

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. நாட்டுப்படகில் மீன் பிடித்தவர். ரொம்ப வருடமாகச் சுகர். கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டே நேற்றைய ஏலத்தில் நண்டு போன விலையைச் சொல்வார். ஆனால் நடக்கும்போது ஏதாவது கேட்டால் நின்றுதான் பதில் சொல்கிறார். சிலர் பெயர் மறக்கிறது, விரல் சொடக்குகிறது. யூடியூபில் அல்சைமர் ஆரம்பம் என்கிறார்கள். தலைசுற்றலுக்கு நாலைந்து மாதமாக மெடிக்கலில் சின்னாரிசின் வாங்கித் தருகிறோம்.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நேற்றைய விலையைச் சரியாகச் சொல்கிறவரிடம் என் முதல் சந்தேகம் அல்சைமர் அல்ல. இந்த வயதில் பெயர் சட்டென்று வராததையும் விரல் சொடக்கையும் விட்டுத் தள்ளுங்கள். யூடியூபையும் மூடி வையுங்கள்.

கேட்டால் நின்றுவிடுகிறார் என்கிறீர்களே, அதுதான் விஷயம். விழக்கூடும் என்பதற்கு அது எச்சரிக்கை. 1997-இல் சுவீடனில் லுண்டின்-ஓல்சன் குழுவினர் முதியோர் குடியிருப்பில் 58 பேரை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் நின்றார்கள். அவர்களில் 10 பேர் அடுத்த 6 மாதத்துக்குள் விழுந்தார்கள்.

பழகிய நடையைச் சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா என்ற பகுதியும் தாமாகவே பார்த்துக்கொள்ளும். கவனத்துக்கான மூளையின் முன்பகுதி பேச்சுக்குக் காலியாக இருக்கும். சுகரால் பாதம் மரத்துவிட்டால் மிதிப்பது மணலா தரையா என்று காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு எட்டையும் அந்த முன்பகுதி கவனித்து வைக்க வேண்டியிருக்கும். நடுவில் கேள்வியும் வந்தால் கவனம் போதாமல் கால் நின்றுவிடுகிறது. உட்கார்ந்திருக்கையில் அந்தப் பாரம் இல்லை, அதனால் வலையும் பேச்சும் சேர்ந்தே ஓடுகின்றன.

அப்புறம் அந்த மாத்திரை. மாதக்கணக்கில், அதுவும் டாக்டரைக் கேட்காமல், சின்னாரிசின் கொடுக்கவே கூடாது. மூளையில் உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து, வயதானவர்களைப் பார்க்கின்சன் வந்தவர்கள் போல இறுக்கி, எட்டைச் சுருக்கிவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகும். நடை கெட்டதும் மாத்திரை தொடங்கியதும் ஒரே சமயமா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். செல்போனில் நேரம் பாருங்கள். மறுமுறை சீலா, பாறை, சூடை என்று மீன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடக்கட்டும். பிடிக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நேரம் எவ்வளவு கூடுகிறது, எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு, இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். பாத உணர்வு, வைட்டமின் பி12, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை படிக்கட்டிலும் படகுத்துறையிலும் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். நடந்துகொண்டே போன் பேசவும் விடாதீர்கள்.