மேன்முறையீட்டில் புதிய வாதமும் புதிய சாட்சியும்

நிலாவெளி வாசகர் ஒருவரின் கேள்வி: "1984 முதல் என் தகப்பனார் வேலி அடைத்துத் தென்னை வைத்த காணியில் குடியிருக்கிறோம். 1990 இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய் 2010 இல் திரும்பிய சித்தப்பாவின் மகன், காணி தன்னுடையதென்று ஓர் உறுதிப்பத்திரத்தைக் காட்டித் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த உறுதி பொய் என்பதே எங்கள் வாதம். தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்து இன்றோடு 31 நாட்கள். 11 ஆம் நாளிலேயே எங்கள் சட்டத்தரணி மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுத்துவிட்டார். இனிப் பத்து வருட ஆட்சியைச் சொல்லி வெல்லலாமா? அன்று அழைக்காத நில அளவையாளரை இப்போது அழைக்கலாமா? எதிராளியின் பக்கம் பேசிய சாட்சி பொய் சொன்னதை மேல் நீதிமன்றம் காணுமா?"

கடைசி வரியில் 'எதிராளி' என்று நீங்கள் குறிப்பிடுபவர் சட்டத்தின் பார்வையில் வழக்குத் தொடுத்த வழக்காளி, எதிராளி நீங்கள்தான். இதைக் குறை சொல்வதற்காகச் சுட்டவில்லை. உங்கள் மேன்முறையீட்டின் பலமே நீங்கள் எதிராளியாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

முதலில் காலக்கெடு. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 754 ஆம் பிரிவின்படி அறிவித்தலுக்குரிய 14 நாட்களைக் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளும் பொது விடுமுறை நாட்களும் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் 755 ஆம் பிரிவு மேன்முறையீட்டு மனுவுக்குத் தரும் 60 நாட்கள் தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடுபவை. அதில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே உங்களுக்கு எஞ்சியிருப்பவை 29 நாட்கள். மனுவை மேல் நீதிமன்றத்தில் அல்ல, தீர்ப்பு வழங்கிய மாவட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். மனுவில் ஏற்படும் தவறுகளையும் விடுபாடுகளையும், மறுதரப்புக்கு உண்மையான பாதிப்பு இல்லாவிடில், 759 ஆம் பிரிவின் கீழ் மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் மன்னிக்கலாம். காலக்கெடுவைத் தவறவிடுவதை மட்டும் அந்தப் பிரிவே வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. முப்பது வருடம் ஆண்ட காணியை ஒரு நாள் பிந்திய மனுவால் இழந்தவர்கள் உண்டு.

உங்கள் மேன்முறையீட்டைக் கேட்கப்போவது, 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குடியியல் மேன்முறையீட்டு அதிகாரம் பெற்ற கிழக்கு மாகாண மேல் நீதிமன்றம். அதற்கு முன்பு இத்தகைய மேன்முறையீடுகள் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போயின. நேர்விலும் (வழக்கின் உண்மை விபரங்களிலும்) சட்டத்திலும் நேர்ந்த பிழைகளைத் திருத்தும் அதிகாரம் இந்த நீதிமன்றத்துக்கு உண்டு. ஆயினும் அது கீழ் நீதிமன்றத்தின் வழக்கேட்டை, அதாவது அங்கு பதிவான சாட்சியங்களும் ஆவணங்களும் அடங்கிய கோவையை, வாசித்துத் திருத்துகிறது; வழக்கை அடியிலிருந்து மறுபடி நடத்துவதில்லை. உங்கள் மூன்று கேள்விகளும் இந்த எல்லையில்தான் மோதுகின்றன.

பத்து வருட ஆட்சியை, அதாவது பிறர் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் தொடர்ந்து ஆண்டதால் காணி தனக்கு உரியதாகிவிட்டது என்ற வாதத்தை, எடுத்துக்கொள்வோம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் 3 ஆம் பிரிவில் வரும் அந்த உரிமையை வழக்குக்கு நீங்கள் எழுத்தில் கொடுத்த மறுமொழியில் சொல்லவில்லை, வழக்கெழுவினாவாகவும் (விசாரணையில் தீர்க்க வேண்டிய கேள்வியாகவும்) எழுப்பவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து விளங்கிக்கொள்கிறேன். விசாரணையில் எழாத ஒரு வாதத்தை மேன்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியுமா என்பதற்கு 1948 இல் வெளியான சேதா எதிர் வீரக்கோன் தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படும் விடை. எழுப்பப்பட்ட வழக்கெழுவினாக்களுள் ஒன்றின் கீழ் அந்த வாதத்தை அன்றே வைத்திருக்க முடிந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய நேர்வுகள் யாவும் வழக்கேட்டில் இருப்பதாக நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். தூய சட்டக் கேள்வியானால் வழி சற்று இலகு. ஆனால் ஆட்சியுரிமை தலை முதல் கால் வரை நேர்வுகளால் ஆனது. வேலி எப்போது அடைக்கப்பட்டது, யாருடைய அனுமதியோடு, தேங்காயை யார் பறித்தார்கள் என்று வழக்காளி உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லையே! மேலும் அவர் உங்கள் சித்தப்பாவின் மகன். காணி ஒரே பாட்டனாருடையதாக இருந்திருந்தால் நீங்கள் இருவரும் இணை உரித்தாளர்கள் (ஒரே காணியில் பங்குரிமை உள்ளவர்கள்). அப்படியானவர்களுக்கிடையே ஒருவர் நெடுங்காலம் இருந்ததால் மட்டும் மற்றவரின் உரிமை போய்விடாது என்று கொரேயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் அந்நாளில் இலங்கை வழக்குகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நிலவிய சூழ்நிலையால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. நீங்கள் கணக்கில் எடுக்கும் காலத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. இந்த வாதத்தில் பணத்தையும் நம்பிக்கையையும் வைக்காதீர்கள்.

புதிய சாட்சியத்தை ஏற்கும் அதிகாரம் சட்டக்கோவையின் 773 ஆம் பிரிவில் இருக்கிறது. அதுவும் வழக்கில் ஏற்கெனவே பிணக்கிலிருந்த விடயத்தைத் தொடும் சாட்சியத்துக்கு மட்டும். 1997 இல் பியற்றிஸ் டெப் எதிர் லலானி மீமதுவ வழக்கில் எடுத்துரைக்கப்பட்டபடி, தகுந்த முயற்சி எடுத்திருந்தாலும் விசாரணையின்போது அச்சாட்சியம் கிடைத்திருக்காது என்றும், அது முடிவைப் பெரிதும் பாதிக்கக்கூடியது என்றும், நம்பத்தக்கது என்றும் காட்ட வேண்டும். நில அளவையாளர் இத்தனை காலமும் இதே மாவட்டத்தில் இருந்தவரானால் முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுவீர்கள்.

மூன்றாவது கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சாட்சி கூண்டில் நின்று பேசியதை நேரில் கண்டு கேட்ட நீதிபதி அவரை நம்பியிருந்தால், மிக வலுவான காரணமின்றி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குலைக்காது. ஆனால் ஒப்புக்கொண்ட நேர்வுகளிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் எடுக்கப்பட்ட அனுமானங்களைப் பொறுத்தவரை, மேல் நீதிமன்றம் விசாரணை நீதிபதிக்குச் சமமான இடத்திலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டை டி சில்வா எதிர் செனவிரத்ன வழக்கு 1981 இல் தெளிவாக வகுத்தது.

உங்கள் வழி இங்கேதான் திறக்கிறது. உரித்தை, அதாவது காணி தனக்குச் சொந்தமென்பதை, பிரகடனப்படுத்துமாறு கேட்கும் வழக்கில் உரித்தை நிரூபிக்கும் சுமை வழக்காளியுடையது. எதிராளி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, தன் உரித்தை நிரூபிக்க அதைவிடவும் தேவையில்லை என்பது வனிகரத்ன எதிர் ஜுவானிஸ் அப்புஹாமி வழக்கின் விதி. எனவே தீர்ப்பை மீண்டும் வாசியுங்கள். உங்கள் தரப்பின் பலவீனத்தைக் காட்டி நீதிபதி வழக்காளிக்குத் தீர்ப்பளித்திருக்கிறாரா? உறுதியின் அட்டவணையில் சொல்லப்பட்ட எல்லைகளும் வரைபடத்தில் காட்டப்பட்ட காணியும் ஒன்றேதானா? உறுதியை எழுதிக்கொடுத்தவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்பது காட்டப்பட்டதா? இவற்றுக்குரிய விடைகள் வழக்கேட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. புதிய சாட்சியும் புதிய வாதமும் இல்லாமலே மேல் நீதிமன்றம் தலையிடக்கூடிய இடங்கள் இவை.

அங்கும் தோற்றால், நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் உண்டு. ஆனால் அது உரிமையாகக் கிடைக்கும் மேன்முறையீடு அல்ல. கணிசமான சட்டக் கேள்வி எழுகிறதென்று, அல்லது உயர் நீதிமன்றம் மீளாயத் தகுந்த விடயமென்று காட்டி, 42 நாட்களுக்குள் அனுமதி கோர வேண்டும்.

இன்னொன்று. மேன்முறையீடு செய்ததால் மட்டும் தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடாது. வழக்காளி நிறைவேற்றக் கட்டளை கேட்டால், கணிசமான இழப்பு நேரும் என்று மாவட்ட நீதிமன்றத்துக்குக் காட்டி, பிணை வைத்து, 763 ஆம் பிரிவின் கீழ் அதை நிறுத்திவைக்கக் கேட்கலாம். வீட்டின் பெறுமதி, அதில் குடியிருப்போர், தென்னைகள் ஆகியவற்றின் விபரங்களை இப்போதே எழுதி உங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்துவையுங்கள். வழக்கேட்டின் சான்றுபடுத்திய பிரதிக்கும் நாளைக்கே விண்ணப்பியுங்கள்.