நியூ ஜெர்சியில் ஒரு எதிர்ப்பு ஓட்டு

வணக்கம் சார்,

நான் எடிசனில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி 2024 நவம்பரில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். காஸா விஷயத்தில் ஜனநாயகக் கட்சிமேல் கடுங்கோபம், டிரம்ப்புக்குப் போடவும் மனசில்லை, அதனால் கிரீன் கட்சியின் ஜில் ஸ்டைனுக்குப் போட்டேன். இது எப்படியும் ஜனநாயகக் கட்சி ஜெயிக்கிற நீல மாநிலம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். ஓட்டை வீணாக்கிவிட்டாய் என்று நண்பர்கள் இன்னமும் திட்டுகிறார்கள். தப்பு செய்துவிட்டேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பில்லை. வீண் என்று பார்த்தால் உங்கள் நண்பர்களின் ஓட்டும் பாதி வீண்தான். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர எல்லா மாநிலங்களிலும் ஜெயித்தவருக்கே ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள், ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் பத்து லட்சத்தில் ஜெயித்தாலும் நியூ ஜெர்சிக்கு அதே 14 தேர்வாளர்கள்தான். 2016ல் ஹிலரி கலிஃபோர்னியாவில் மட்டும் 42 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கினார், நாடு முழுக்க 28 லட்சம் கூடுதல், என்ன பிரயோஜனம், தோற்றார்.

ஆனால் 'எப்படியும் நீலம்' என்ற இடத்தில்தான் இடிக்கிறது. நியூ ஜெர்சியில் 2020ல் பைடன் 16 சதவிகிதம்போல முன்னால் இருந்தார், நீங்கள் ஓட்டுப் போட்ட வருடம் கமலா ஹாரிஸின் முன்னிலை 6 சதவிகிதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஜெயித்தார், சரி. ஆனால் அது எண்ணி முடித்த பிறகுதானே நமக்குத் தெரிகிறது. இதே கலிஃபோர்னியா 1968லிருந்து 1988வரை வரிசையாக ஆறு தேர்தலில் குடியரசுக் கட்சிக்குப் போட்ட மாநிலம்.

என் கதையைச் சொல்கிறேன். நான் இருப்பது கலிஃபோர்னியாவில். 2016ல் சமையலறை மேஜையில் ஓட்டுச்சீட்டை விரித்துவைத்து, மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முன்மொழிவுகள் மாநில அளவில் மட்டும் 17, கஞ்சா, மரண தண்டனை எல்லாவற்றுக்கும் பொறுமையாகக் கட்டம் நிரப்பினேன், ஜனாதிபதி வரிசையை மட்டும் காலியாக விட்டேன். பெரிய எதிர்ப்பு செய்த திருப்தி. யாருக்குத் தெரிந்தது? எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கே தெரியாது. சீட்டில் இல்லாத ஒருவர் பெயரை நாமே எழுதிப் போடுவதும் பல மாநிலங்களில் இதே கதைதான், முன்கூட்டிப் பதிவு செய்யாதவர் பெயர் என்றால் எண்ணவே மாட்டார்கள். அந்த வகையில் நீங்கள் என்னைவிடத் தேவலை, ஸ்டைன் கணக்கில் ஒன்று ஏறியது. என்ன, ஐந்து சதவிகிதம் வந்தால் அடுத்த தேர்தலுக்கு அரசுப் பணம் கிடைக்கும் என்பது அந்தக் கட்சியின் பழைய கனவு, 2000ல் அந்தக் கட்சி சார்பில் நின்ற ரால்ஃப் நேடரே மூன்றைத் தொடவில்லை. 2024ல் ஸ்டைனுக்கு ஒரு சதவிகிதம்கூட இல்லை.

எதிர்ப்பைக் காட்ட நல்ல இடம் நவம்பர் இல்லை, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அதற்கு முன்பே நடத்தும் பிரைமரி. 2024 பிப்ரவரியில் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'அன்கமிட்டட்', அதாவது எந்த வேட்பாளருக்கும் இல்லை, என்று குத்தினார்கள், யார் இவர்கள், எதற்குக் கோபம் என்று ஊரே பேசியது, அதனால் யார் பதவியும் போகவில்லை. உங்கள் மாநிலத்திலும் ஜூன் பிரைமரியில் அந்த வரிசை இருந்தது, பாலஸ்தீனத்துக்கு நீதி, நிரந்தரப் போர்நிறுத்தம் என்ற வாசகத்தோடு. 9 சதவிகிதம் விழுந்தது. ஸ்டைனுக்கு விழுந்ததில் காஸாவுக்காக எத்தனை, பருவநிலைக்காக எத்தனை, சும்மா எத்தனை என்று யாராலும் பிரிக்க முடியாது, இந்த பிரைமரி ஓட்டில் பிரிக்கவே வேண்டாம். அப்போது உங்களுக்குக் குடியுரிமை வந்திருந்ததா தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. நவம்பர் சீட்டில் ஸ்டைன் பெயரோடு முடியவில்லையே, செனட்டுக்கு ஆண்டி கிம் நின்றார், அதற்கும் கீழே உள்ளூர் ஆட்கள். அதையெல்லாம் நிரப்பினீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே.